மெத்துத் தரைக்கு ஒரு வண்டி

கட்டைக்கு முன்னால் நடந்த என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுவதும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் என் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. பசி எடுக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். இதை நானே எழுதுகிறேன், மச்சான். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதவில்லை. பென்சில் என்னுடையது, கை என்னுடையது, தப்பு இருந்தால் அதுவும் என்னுடையது.

நீ இருந்திருந்தால், "இன்னா மாமா, கலெக்டர் பரீட்சைக்கா?" என்று கேட்டிருப்பாய். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்திருப்பாய்.

இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரில் ஒரு ழு இருக்கிறது. டீச்சர் அதைக் கடைசியில்தான் சொல்லிக்கொடுத்தார். அதுவரை வந்த எழுத்துகளை வைத்து உன்னைத் தவிர எல்லோருக்கும் எழுதியிருக்கலாம். உன் பெயரைக் கோணலாகப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இப்போது என் ழு அழகாக வருகிறது. கீழே வளைத்து இழுக்கும்போது கட்டையில் கயிற்றைச் சுற்றி இழுப்பது மாதிரியே இருக்கிறது.

வகுப்பு லக்ஷ்மிபாய் நகரில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டுக் கூடத்தில். டீச்சர் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடத்துகிறார். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. முதல் நாள் நான் போய் நின்றபோது, பேரனைக் கொண்டுவிட வந்தவர் என்று நினைத்து டீச்சர் எனக்கு வாசல் பக்கம் நாற்காலி போட்டார். நான் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். "சொல்லுங்கோ, என்ன வேணும்?" என்றார். "அ வேணும்" என்றேன். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டில்லியில் தமிழ் எழுத்தைத் தேடிப் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் இந்தி, கடையில் இங்கிலீஷ். அதனால் தமிழ்ச் சாமான் விற்கும் கடையில் ஒரு ரசப்பொடிப் பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் படித்தேன். கொதி வந்ததும் இறக்கவும் என்று அதில் போட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாமலே ரசம் குடித்திருக்கிறேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அங்கிள், லேனா ஹை யா பட்னா ஹை?" என்றார். வாங்கவா, படிக்கவா என்று கேட்கிறார். "படிக்கத்தான்" என்றேன். வாங்கியும் வந்துவிட்டேன்.

பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கால் வேகமாகப் போனது. லைட் கம்பம் வரைக்கும் போயிருப்பேன். அப்புறம் மெதுவாகப் போனேன். நீ இருந்திருந்தால் நான் படிக்கவே போயிருக்க மாட்டேன் இல்லையா? நீ அஞ்சாவது வரை போனவன். ஊர்க் கடிதம், கல்யாணப் பத்திரிகை, பஸ் நம்பர், மருந்துச் சீட்டு எல்லாம் நீயே படித்தாய். எனக்கு எதற்குப் படிப்பு? என் கண் என் தலையில் இல்லை, உன் தலையில் இருந்தது.

இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடலாம் என்கிறார் டீச்சர். போடட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே எழுத வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்களுக்காக. நீ பொறுத்துக்கொள்.

நீ என் பெண்சாதியின் தம்பி. உன் அக்கா சொன்னதால்தான் ஊரிலிருந்து உன்னை இங்கே கூட்டிவந்தேன். இரண்டு பேரும் மரக்கடையில் சேர்ந்தோம். இங்கே அதை டால் என்பார்கள். புயல்காற்றில் விழுந்த மரத்தை வெட்டி, கட்டையை வெளியே கொண்டுவந்து, டாலுக்கு ஏற்றுவது வேலை. சாணக்யபுரி பக்கத்துப் பங்களாக்களில் வேலை அதிகம். பெரிய பெரிய புல்வெளி. தினம் தண்ணீர் விட்டு விட்டு மெத்தை மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். லாரி உள்ளே வராது. சாதாரணத் தள்ளுவண்டி ஏறினால் சக்கரம் கத்தி மாதிரி புல்லை அறுக்கும். அதனால் கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கம்பைக் கொடுத்து, நீ முன்னால் நான் பின்னால், வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு போவோம்.

பின்னால் போகிறவனுக்குத் தரை தெரியாது. முன்னால் கட்டை ஆடும், அதற்கு அப்பால் உன் முதுகு. அதனால் நீ காலால் தரையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவாய். கெட்டி. கெட்டி. மெத்து. குழி, இடது பக்கம். மறுபடி கெட்டி. நீ மெத்து என்றால் நான் காலைத் தட்டையாக வைப்பேன். குழி என்றால் ஒரு பக்கம் சாய்வேன். கட்டையை எடுக்கும்போது நீ "எடு மாமா" என்பாய். அதற்கு முன் நான் எடுத்ததே கிடையாது. ஒருவன் எடுத்து ஒருவன் எடுக்காமல் இருந்தால் கம்பு தோளை முறித்துவிடும்.

பல்லாண்டு அப்படி நடந்தோம். உன் முதுகை எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? வலது தோளுக்குக் கீழே அந்த மச்சம் உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில், புகையும் பனியும் ஒன்றாக இறங்கின மாதத்தில், நீ இருமி இருமிப் போய்விட்டாய். உன் அக்கா அதற்கு முன்பே போயிருந்தாள். ஆற்றங்கரைக்கு உன்னைத் தூக்கிப் போனபோதும் நான் பின்னால்தான். ஈர மணல். முன்னால் போனவர்கள் நல்லவர்கள், ஆனால் யாரும் தரையைச் சொல்லவில்லை. நான் தடுக்கினேன். விழவில்லை. உனக்கு ஆட்டம் தெரிந்திருந்தால் மன்னித்துவிடு.

இப்போது சேதி சொல்கிறேன்.

டாலை இப்போது சிம்மி மேடம்தான் நடத்துகிறார். முதலாளி பெரியவரின் மருமகள். உனக்குத் தெரியும், சத்தமாகப் பேசுவார், சத்தமாகவே சிரிப்பார், சம்பளத்தை மட்டும் சத்தமில்லாமல் கையில் வைப்பார். நீ போன பிறகு எனக்கு முன்னால் நடக்க யார் யாரையோ வைத்துப் பார்த்தார். பிகாரிலிருந்து ஒருவர் வந்தார். பலசாலி. தரையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "தரை தரை மாதிரிதான் இருக்கு, அதைப் போய் என்ன சொல்றது?" என்றார். இன்னொருவர் சொன்னார், ஆனால் தாண்டிய பிறகு சொன்னார். நானும் கட்டையும் அதற்குள் அதில் நின்றுகொண்டிருப்போம்.

அப்புறம் இந்த ஆனியில் பெரிய ஆந்தி, இங்கத்துப் புழுதிப் புயல், அடித்தது. சாணக்யபுரியில் ஒரு பங்களாவில் பழைய நாவல் மரம் விழுந்துவிட்டது. பழக்காலம். நமக்குக் கால் இரண்டும் கருநீலமாக ஆகுமே, அந்த மாதம். மரம் பின்பக்கம் கிடக்கிறது, கேட் முன்பக்கம், நடுவே முழுவதும் புல்வெளி. முன்பு ஒருமுறை யாரோ டிராக்டரை விட்டுப் புல்லை உழுதுவிட்டார்களாம். இந்த முறை ஒரு கோடு விழுந்தாலும் அடுத்த வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், குரலை நீயே போட்டுக்கொள். "அண்ணாஜி, ஆள் கிடைக்கலை. மோட்டார் வெச்ச தள்ளுவண்டி வாங்கப் போறேன். நீங்கதான் ஓட்டணும், அதனால நீங்கதான் பார்த்துச் சொல்லணும். சரியா வந்துச்சுன்னா லான் வேலையெல்லாம் தொடரலாம். வரலைன்னா லான் வேலையை விட்டுடறேன். நீங்க டால் கேட்ல நாற்காலி போட்டு உட்காருங்க. இல்லேன்னா பொண்ணு வீட்டுக்குப் போங்க."

நாற்காலி என்றதும் எனக்கு டீச்சர் போட்ட நாற்காலி ஞாபகம் வந்தது. இதிலும் உட்கார எனக்கு இஷ்டமில்லை. ஆனால் எழுந்து எங்கே போவது?

அன்றைக்குச் செல்வியிடம் போனில் சொன்னேன். ஃபரீதாபாதில் இருக்கிறாள், உனக்குத் தெரிந்த அதே வீடு இல்லை, இப்போது உயரமான கட்டடம். "அப்பா, பஸ் கரோ நா, போதும். இந்த வயசுல மிஷின் எல்லாம் எதுக்கு? இங்க வந்துடு, ஒரு ரூம் காலியாதான் கிடக்கு" என்றாள்.

"அங்க மண்ணு இருக்காம்மா?"

"எட்டாவது மாடில மண்ணு எப்டிப்பா இருக்கும்? பால்கனில தொட்டி இருக்கு. துளசி வெச்சிருக்கேன்."

"அதுல நான் நிக்க முடியாதே."

"மாமா மாதிரியே பேசாத" என்றாள். மாமா என்றால் நீதான். நல்ல பெண், மச்சான். ஆனால் அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் கடிதத்தை அனுப்பினாலும் யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன். நீ போனதும் நான் ஒருவன். எப்போதும் ஒருவன்தான் என்று விதி இருக்கிறதோ என்னவோ.

ஓக்லா பக்கம் ஒரு பெரிய கொட்டகையில் வண்டிகளை வைத்திருந்தார்கள். விகாஸ் என்று ஒருவர் காட்டினார். கழுத்தில் டை கட்டி, காலில் கம்பூட் போட்டிருந்தார். அவருக்கு இரண்டு வேலை போலிருக்கிறது. முதலில் ஒரு சக்கர வண்டி. முன்னால் ஒரே சக்கரம், தொட்டி, பாட்டரி. கட்டையை வைத்தால் தொட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆற்றில் இறங்கிய எருமை மாதிரி. அடுத்தது நாலு சக்கர வண்டி. தொட்டி இல்லை, பலகை. பக்கத்தில் கழற்றி மாட்டும் கம்பிகள். கட்டைக்கு அதுதான் தோது. மேடத்துக்குப் பிடித்துவிட்டது. "இதுல ஏத்திப் பாருங்க அண்ணாஜி" என்றார்.

கட்டைகளை அடுக்கினார்கள். நான் பின்னால் போய்க் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"அங்கிள், வலது கையில் இருக்கிற லீவரை அழுத்துங்க" என்றார் விகாஸ்.

லீவர் எனக்குத் தெரிந்தது. விரல் அதன்மேல்தான் இருந்தது. நான் எதற்கு நின்றேன் என்று உனக்குத் தெரியும். நீ இன்னும் "எடு மாமா" சொல்லவில்லை.

"கியா ஹுவா, அண்ணாஜி?" என்ன ஆச்சு என்று கேட்டார் மேடம்.

"குச் நஹி" என்றேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். வண்டி போனது. சிமென்ட் தரை. சிமென்ட் தரையில் எந்த வண்டிதான் போகாது? விகாஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பின்பக்கம் தண்ணீர் தேங்கிய இடம் இருக்கிறது, அதிலும் விட்டுக் காட்டலாம் என்று அவரே வழிகாட்டினார். நான் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் கட்டை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன், எப்போதும் போல. முன்னால் யாரும் மெத்து என்று சொல்லவில்லை. ஆகவே கெட்டி என்று நினைத்தேன்.

முன்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது, கட்டைகள் சேற்றில் உருண்டன. யாருக்கும் அடி இல்லை. விகாஸ் கம்பூட்டோடு இறங்கினார். டை மட்டும் சுத்தமாக இருந்தது.

மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாக, "அண்ணாஜி, முன்னால பார்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார்.

முன்னால் பார்ப்பது என் வேலையாகவே இருந்ததில்லையே, மச்சான். அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. தமிழிலும் உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல முடியும்?

திரும்பி வரும்போது ஆட்டோவில் மேடம், "வண்டி மேல தப்பு இல்லை. சக்கரம் வேண்டாம், செயின் வண்டி பார்ப்போம். ஆனா உங்களால முடியுமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார். செயின் என்றால் சங்கிலி இல்லை. ஜேசிபிக்கு அடியில் இருக்குமே, அந்த மாதிரி அகலமான ரப்பர் பட்டை. பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பட்டை முழுவதும் பரவும், அதனால் மெத்துத் தரையில் புதையாது என்று விகாஸ் சொல்லியிருந்தார். நாம் வெறுங்காலைத் தட்டையாக வைப்போமே, அதுதான். சனிக்கிழமை நாவல் மரம் கிடக்கிற பங்களாவுக்கே இரண்டு செயின் வண்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் மேடம். வண்டியைப் பற்றிய முடிவா, என்னைப் பற்றிய முடிவா என்று அவர் சொல்லவில்லை.

டாலுக்கு வந்ததும் நம் கம்பைப் பார்த்தேன். ஆணியில்தான் இருக்கிறது. உன் பக்கம் பளபளப்பு, என் பக்கம் பளபளப்பு, நடுவில் கயிறு தின்ற பள்ளம். அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் கீழே போய்விட்டது. பின்னே போகாமல் இருக்குமா?

சனிக்கிழமை விடியும்போதே ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. பங்களாவில் புல் பச்சையாக மின்னியது. பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான். விகாஸ் வண்டிகளை இறக்கினார். ஒன்று பெட்ரோல், ஒன்று பாட்டரி. இரண்டுமே பலகை வைத்தது, தாழ்வானது. கட்டையைத் தூக்க வேண்டாம், ஒரு சட்டத்தைச் சாய்த்து உருட்டி ஏற்றிவிடலாம். பக்கத்துச் சிறிய கேட்டில் நுழையுமா என்று முதலில் பார்த்தோம். நுழைந்தது. பங்களாவின் மாலி, தோட்டக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புல் அவருடைய பிள்ளை. எங்களைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் மாதிரிப் பார்த்தார்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். மறுபடி அதே நிற்பு. மேடம் பார்க்கிறார், மாலி பார்க்கிறார், விகாஸ் லீவரைக் காட்டுகிறார். எனக்கு ஒன்று புரிந்தது. நீ சொல்லாமல் நான் எடுக்க முடியாது. நீ சொல்லப்போவதும் இல்லை. அப்படியென்றால் உன் இடத்துக்கு ஒருவன் போய்த்தான் ஆக வேண்டும்.

கைப்பிடியை விட்டேன். செருப்பைக் கழற்றினேன். வண்டிக்கு முன்னால் போனேன், மச்சான். வாழ்நாளில் முதல்முறையாகக் கட்டைக்கு முன்னால். மரம் கிடந்த இடத்திலிருந்து கேட் வரைக்கும் வெறுங்காலோடு, கையில் ஒன்றுமில்லாமல், மெதுவாக நடந்தேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கெட்டி. கெட்டி. வழுக்கு, நாவல்பழம். கெட்டி. தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்குப் பக்கத்தில் குதிகால் இறங்கியது. மெத்து. வலது பக்கம் காலை வைத்துப் பார்த்தேன். கெட்டி.

என் குரல் எனக்கே உன் குரல் மாதிரிக் கேட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் கேட்கவில்லை. கிழவன் குரல்தான் கேட்டது. ஒன்று மட்டும் தெரிந்தது. உனக்கு முன்னால் யாருமே இருந்ததில்லை. அவ்வளவு வருஷமும் வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாய். எனக்காவது உன் முதுகு இருந்தது. உனக்குப் பயமாக இருந்ததா? ஒருநாளும் நீ சொன்னதில்லையே.

மாலி என்னிடம் வந்து, "பண்டிட்ஜி, பூஜை கர் ரஹே ஹோ கியா?" என்றார். பூஜையா செய்கிறாய் என்று கேட்கிறார். "அப்படியே வெச்சுக்கோங்க" என்றேன். அவர் தன் செருப்பையும் கழற்றிவிட்டார்.

முதலில் பெட்ரோல் வண்டி. நல்ல பலம். ஆனால் போட்ட சத்தத்தில், விழுந்த மரத்தில் மிச்சமிருந்த கிளிகள் எல்லாம் பறந்துவிட்டன. நான் கெட்டி, மெத்து என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். என் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது, காதில் விழவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. வலது பக்கமா, இடது பக்கமா? கையை விட்டேன். விட்டதும் வண்டி தானாக நின்றுவிட்டது. அந்த ஒரு குணம் எனக்குப் பிடித்தது. நான் கால் தடுக்கி "ஐயோ" என்றாலே நீயும் அப்படித்தான் நிற்பாய்.

அப்புறம் பாட்டரி வண்டி. அது மெதுவாக ஒரு ரீங்காரம் போடும், அவ்வளவுதான். கட்டையை உருட்டி ஏற்றினோம். நான் பின்னால் நின்று, "எடு மாமா" என்றேன். சத்தமாகத்தான். மேடம் காதிலும் விழுந்திருக்கும். அழுத்தினேன். கெட்டி என்றேன், போனது. வழுக்கு என்றேன், மெதுவாகப் போனது. மெத்து என்று நான் சொல்வது என் காதில் விழுந்தது. வலது பக்கம் விலகினேன். திரும்பும் இடத்தில் ஒரு தப்பு செய்தேன். நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றினேன், பட்டை புல்லைக் கிழித்துவிட்டது. மாலி "அரே அரே" என்று ஓடி வந்தார். உள்ளங்கை அளவுதான். அடுத்த முறை நாமிருவரும் கம்போடு திரும்புவது போல, பெரிய வட்டமாகச் சுற்றி வந்தேன். கிழியவில்லை. வேலை முடிந்ததும் அவரே உட்கார்ந்து அந்த இடத்தைத் தடவிக்கொடுத்து, "பச் ஜாயேகா" என்றார். பிழைத்துவிடுமாம்.

மேடத்துக்குப் பெட்ரோல் வண்டி மேல்தான் கண். பலம் அதிகம், சார்ஜ் போடக் காத்திருக்க வேண்டாம் என்றார். "சத்தம் வேண்டாம் ஜி" என்றேன். "எம்பசிக்காரங்களுக்குத் தொந்தரவுன்னு சொல்றீங்களா? அச்சா சோச்சா, நல்லா யோசிச்சீங்க அண்ணாஜி" என்றார். அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார், நான் தலையாட்டினேன். பாட்டரி வண்டியே வந்துவிட்டது. நாற்காலியை டாலுக்குள் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். செல்வியிடம் சொன்னேன். "ஜித் ஹை தோ ஜித் ஹை" என்றாள். பிடிவாதம் பிடிவாதம்தானாம். அப்புறம், "பார்த்து நடப்பா" என்றாள். முன்னால் பார்த்தா, பின்னால் பார்த்தா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

இப்போது தினமும் அதோடுதான் நடக்கிறேன். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பசிக்காது. மத்தியானம் மர நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால், ஊறுகாய் என்ன என்று எட்டிப் பார்க்க யாருமில்லை. மேடம் வாங்கித் தந்த பெயின்ட்டில், வண்டியின் முன்பலகையில், உன் முதுகு இருந்த திசையில், நான்கு எழுத்து எழுதினேன். ஒரு மத்தியானம் முழுவதும் ஆனது. மேடம் வந்து பார்த்தார். "யே கியா லிகா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்.

"நாம் ஹை ஜி." பெயர் என்றேன்.

"உங்க பேரா?"

"இல்லை. முன்னால போறவர் பேர்."

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. நம்மை எத்தனை வருஷம் பார்த்தவர். எழுத்தைத் தொடப்போனவர், ஈரம் என்று கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. கம்பு அழுத்தி அழுத்தி நம் தோளில் ஒரு காய்ப்பு இருந்ததே, என் தோளில் அது கரைந்துகொண்டு வருகிறது. வண்டிக்குத் தோள் தேவையில்லை அல்லவா? குளிக்கும்போது தொட்டுப் பார்க்கிறேன். கல் மாதிரி இருந்த இடம். இப்போது மெத்து. உன் தோளில் இருந்தது உன்னோடு எரிந்துவிட்டது. என்னுடையதும் போய்விட்டால், நாம் ஒரு கம்பைப் பிடித்து நடந்தோம் என்பதற்கு வேறென்ன இருக்கிறது? அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுத்து கரையாது என்று டீச்சர் சொல்கிறார்.

இனி எந்தத் தரைக்குப் போனாலும் முதலில் உன் இடத்தில் நடப்பேன், அப்புறம்தான் என் இடத்துக்கு வருவேன். இது சத்தியம். கெட்டியைக் கெட்டி என்றும் மெத்தை மெத்து என்றும் வாய்விட்டுச் சொல்வேன், உனக்கும் கேட்கிற மாதிரி. நீ இருக்கிற இடத்துத் தரை எப்படி என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் வரும்போது நீ சொல்வாய் அல்லவா? அதுவரை காலைத் தட்டையாக வைத்தே நடக்கிறேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
இன்றும் உனக்குப் பின்னால் வருகிறவன்,
உன் மாமன் கன்னியப்பன்